ஆலையும் ஊருணியும்

கிருஷ்ணகிரியிலிருந்து வடமேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மெல்ல மெல்ல மேடேறுகின்றது. இருமருங்கும் மாந்தோப்புகள், அவற்றின் பின்னே கரும்பாறைக் குன்றுகள். சூளகிரியைக் கடந்தவுடன் காற்றிலே ஒரு தண்மை வந்து கலக்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அமைந்த ஊர் ஓசூர். செவிடபாடி என்பது அதன் பழம்பெயர். இன்று வழங்கும் பெயரோ, கன்னடத்தில் 'புதிய ஊர்' என்று பொருள்படும் சொல்லின் திரிபு. அதற்கு அப்பால் சில கல் தொலைவில் ஜூஜூவாடி. அங்கே தமிழ்நாடு முடிகின்றது. சாலையின் மறுபுறத்தில் அத்திபெலே. அங்கே கருநாடகம் தொடங்குகின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் உண்டு. காற்றுக்கும் மழைக்கும் காட்டு யானைக்கும் அக்கோடு தெரியாது. ஊர்ச் சந்தையில் விலை பேசும் மூதாட்டிக்கும் அது தெரியாது. தமிழில் தொடங்கித் தெலுங்கில் வளர்த்துக் கன்னடத்தில் பேரத்தை முடிப்பாள் அவள்.

நான் ஆசிரியப் பணி ஏற்று இவ்வட்டாரத்திற்கு வந்தது 1985-ஆம் ஆண்டு. அக்காலத்தில் இந்நிலம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். கேழ்வரகும் அவரையும் விளையும் மானாவாரி நிலம். மழை பெய்தால் உணவு, பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்பு. 1971-இல் தோன்றிய 'சிப்காட்' என்னும் அரசு நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தபின் ஊரின் முகமே மாறியது. 1980-ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டின் வண்டித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். நிறுவனத்தின் சிறு மோட்டார் வண்டித் தொழிற்சாலையும் இங்கே இயங்கத் தொடங்கின. 1984-இல் தமிழ்நாட்டரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனத்தாரும் கூடி உருவாக்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இவ்வூரிலேயே நிறுவியது. பள்ளிப் படிப்பை முடித்திருந்த கிராமத்து இளைஞர் பலரைத் தேர்ந்தெடுத்து, கடிகாரத்தின் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் பணியில் அந்நிறுவனம் பழக்கியது. ஏர் பிடித்த கையின் மகன் கை, நுண்ணிய உறுப்பைப் பிடித்தது. என் மாணவர் சிலரும் பின்னாளில் ஆலைகளுக்குச் சென்றனர். தீபாவளிக்குச் சீருடையோடு வந்து என்னை வணங்கிய அவர்களைக் கண்டு நான் பெருமிதம் கொண்டதை மறைக்கமாட்டேன்.

ஆயினும், ஆலை ஊருக்குத் தந்ததை எண்ணும் நாம், ஊர் ஆலைக்குத் தந்ததையும் எண்ணவேண்டும் அன்றோ? மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் தொழிற்பேட்டை ஆயின. நிலத்தடி நீர் குழாய்களின் வழியே ஏறியது. ஏரிக்குச் செல்லும் ஓடைகள் சாலைகளின் அடியிலும் மதில்களின் அடியிலும் அகப்பட்டுக்கொண்டன. எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர் தன் பிள்ளைகளைத் தந்தது. இவற்றுள் சிலவற்றிற்கு விலை கொடுக்கப்பட்டது. நிலத்திற்குப் பணமும் உழைப்புக்கு ஊதியமும் கிடைத்தன. ஓடைக்கும் ஏரிக்கும் விலை நிர்ணயித்தவர் எவரும் இலர்.

இந்தக் கணக்கை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா புதியது அன்று. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாகவே, இருபத்திரண்டாம் அதிகாரமாக, ஒப்புரவறிதல் என்பதனை வைத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே எனின், ஏன் இரண்டு அதிகாரம்? ஈகை என்பது இல்லாதவன் முன் வந்து நிற்கும்பொழுது இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ, கேட்பார் எவரும் இல்லாதபோதும், தான் வாழும் ஊரோடு தன்னை ஒன்றாக எண்ணிச் செய்வது. பரிமேலழகர் இதற்கு உலகநடை என்று பொருள் காண்பார். ஒப்புரவாளன் செல்வத்திற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளைக் கருதுமின்: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எவ்வுறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். இம்மூன்றும் ஊருக்குள்ளே நிற்பவை. ஊராரின் மண்ணில் வேர்விட்டவை அல்லது ஊராரின் மழையைத் தேக்கியவை. ஊருணி தன் நீரைத் தருமம் செய்வதாக எவரும் சொல்வதில்லை. ஊரில் பெய்த மழையை அது ஊருக்கே தருகின்றது. ஒரு தொழிற்சாலை பள்ளிக்கும் ஏரிக்கும் காட்டுக்கும் கொடுப்பதனை ஈகை என்று பாராட்டுவதைக் காட்டிலும் ஒப்புரவு என்று அறிவதே பொருத்தம் என்பது என் துணிபு. ஈகை என்று கொண்டால், எவ்வளவு கொடுத்தான் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடும். ஒப்புரவு என்று கொண்டாலோ, கொடுத்தது எடுத்த இடத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்க நேரும்.

இவ்வுணர்வோடு வாழ்ந்த தொழிலதிபர்கள் நம் நாட்டில் இருந்திருக்கின்றனர். கோயம்புத்தூரில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர். 1926-இல் அவர்கள் தம் குடும்பச் சொத்தைப் பிரித்தபொழுது, நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறத்திற்கு வைத்தனர். அறம் அக்குடும்பத்தில் ஐந்தாவது உடன்பிறப்பாயிற்று. அப்பங்கிலிருந்து முளைத்த கல்வி நிலையங்களும் மருத்துவமனையும் இன்றும் பி.எஸ்.ஜி. என்னும் பெயரோடு விளங்குகின்றன. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தமையால், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அவ்வறண்ட சீமையில் எழுந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் அது திறக்கப்பெற்றது.

நம் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் வரலாறும் இத்தகையதே. ஜம்ஷெட்ஜி டாட்டா தம் உடைமையில் பெரும்பகுதியை அதற்கென ஒதுக்கினார்; மைசூர் அரசு ஏறத்தாழ 370 ஏக்கர் நிலம் வழங்கியது. 1904-இல் அவர் மறைந்தார். கழகம் தோன்றியது 1909-இல். தாம் காணாத மரத்திற்கு நீர் வார்த்தவர் அவர். அவர் வழியில் வந்தோரே பிற்காலத்தில் ஓசூருக்குக் கடிகாரத் தொழிலைக் கொணர்ந்தனர் என்பதை நினைக்கையில், நாற்பது கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அவ்வொப்புரவிற்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாரும் அத்தகையவர் அல்லர். ஆகவே சட்டம் வந்தது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவில் இதற்கு விதி வகுத்தது. 2014 ஏப்ரல் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, ஆண்டு விற்றுவரவு 1000 கோடி ரூபாயோ, நிகர இலாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். எவ்வெப் பணிகள் என்பதை ஏழாம் அட்டவணை கூறுகின்றது. கல்வியும், மண், நீர், காற்று, காடு ஆகியவற்றின் பாதுகாப்பும் அதில் உண்டு. தன் தொழிலாளருக்கு மட்டும் பயன்படும் செலவும், தன் வணிகத்தின் வழக்கமான செலவும் இக்கணக்கில் சேரா. இவ்வாறு சட்டத்தாலேயே விதித்த நாடுகளுள் இந்தியா முன்னோடி.

அச்சட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்த தொடர் ஒன்று உண்டு. நிறுவனம் இயங்கும் வட்டாரத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் முன்னுரிமை தரவேண்டும் என்பது அது. சட்டம் எழுதியோர் ஒப்புரவறிதலைப் படித்தனரோ இல்லையோ, அதன் வாசலை வந்து தட்டியிருக்கின்றனர். தலைமை அலுவலகம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கலாம். புகைபோக்கி நிற்பது எங்கேயோ அங்கேதான் கடன் பிறக்கின்றது.

இனி, இவ்வெல்லைச் சீமையில் நிகழ்ந்த ஒரு நற்செயலைச் சொல்கின்றேன். அத்திபெலேயைக் கடந்தால் வருவது ஆனேக்கல் வட்டம். அங்கே கியாலசனஹள்ளி என்னும் சிற்றூரில் 36 ஏக்கர்ப் பரப்புள்ள ஏரி ஒன்று வறண்டு, வண்டல் மூடிக் கிடந்தது. மோட்டார் உறுப்புகள் செய்யும் சான்செரா என்னும் ஆலையில் பொறியாளராக இருந்தவர் ஆனந்த் மல்லிகவாட். தம் ஆலையின் சமூகப் பொறுப்பு நிதியை ஏரிக்குத் தருமாறு அவர் கேட்டார். ஏரியைப் பற்றி அவர் கல்லூரியில் கற்றவர் அல்லர். ஆகவே பழைய ஏரிகளைத் தேடிச் சென்று கண்டார். சோழர் காலத்து ஏரிகள் எவ்வாறு கட்டப்பட்டன, அவை எவ்வாறு பல நூற்றாண்டு நிலைத்தன என்று ஆராய்ந்தார். இயந்திரம் கற்ற பொறியாளர் ஒருவர், நம் முன்னோர் மண்ணில் எழுதிய நூலைப் படித்தார் என்க.

அவர் கற்றது மிக எளிது. ஏரிக்குச் சுண்ணமும் கம்பியும் வேண்டா. ஏரியின் கரைக்கு ஏரியின் மண்ணே போதும். 2017-ஆம் ஆண்டுக் கோடையில் மண் அள்ளும் இயந்திரங்கள் ஏரிக்குள் இறங்கின. தோண்டிய வண்டலையும் களிமண்ணையும் கொண்டே கரை உயர்த்தப்பட்டது. எஞ்சிய மண்ணை வெளியே சுமந்து செல்லாமல், ஏரியின் நடுவிலேயே திட்டுகளாகக் குவித்தனர். அவற்றில் மரக்கன்றுகளை நட்டனர். சுமைகூலி மிஞ்சியது, பறவைக்கு வீடும் கிடைத்தது. 45 நாட்களில் வேலை முடிந்தது. ஆலை தந்த செலவு ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அடுத்து வந்த மழையில் ஏரி நிறைந்தது. பின்னர் அப்பொறியாளர் தம் வேலையையே துறந்து, வேறு பல ஏரிகளைத் தூர்வாரும் பணியை மேற்கொண்டார்.

இங்கே பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், பணத்தோடு ஒரு மனிதர் சென்றார் என்பதையே நான் பெரிதாகக் கருதுகின்றேன். அவர் ஊராரோடு பேசினார். நீர் எவ்வழியே வரும், எவ்வழியே வழியும் என்பதை நடந்து பார்த்தார். நடந்து பாராத ஈகை என்ன ஆகும் என்பதற்கு என் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணி புரிந்தேன். உலகச் சுற்றுச்சூழல் நாளாகிய சூன் 5 அன்று ஒரு நிறுவனத்தார் 500 மரக்கன்றுகளோடு வந்தனர். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் இருந்தன. நன்றியுரை ஆற்றும் பணி தமிழாசிரியனாகிய என் தலையில் விழுந்தது. அவர்களைப் பாரியோடு ஒப்பிட்டுப் பேசினேன். அந்தி சாய்வதற்குள் கன்றுகள் நடப்பட்டன; படங்களும் எடுக்கப்பட்டன. வேலி இல்லை, நீர் ஊற்ற ஆளும் இல்லை. பள்ளியின் ஆழ்துளைக் கிணறோ, பிள்ளைகள் குடிப்பதற்கே போதாதது. ஆடுகள் பாதியை மேய்ந்தன. பங்குனி வெயில் மீதியைக் கருக்கியது. மறு ஆண்டு சூன் திங்களில் அதே குழிகளில் வேறு கன்றுகள் நடப்பட்டன, பொன்னாடையும் வந்தது. இம்முறை நான் பாரியை அழைக்கவில்லை.

அந்த 500-இல் ஒன்று மட்டும் பிழைத்தது. சத்துணவுக் கூடத்தின் பின்புறம் நட்ட நாவற்கன்று அது. பிள்ளைகள் தட்டுக் கழுவிய நீரை அம்மையார் ஒருவர் நாள்தோறும் அதன் வேரில் ஊற்றி வந்தார். உடைந்த பெஞ்சுப் பலகைகளை நிறுத்தி ஆடு அணுகாமல் மறித்தவரும் அவரே. அவருக்கு எவரும் பொன்னாடை போர்த்தவில்லை. நன்றியுரை ஆற்றிய நானும் போர்த்தவில்லை. அதை இன்று நினைத்து நாணுகின்றேன்.

கல்விக்குச் செய்யும் உதவியிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கட்டடமும் கணிப்பொறியும் கண்ணுக்குத் தெரிபவை. கல்வெட்டு வைக்கத் தகுந்தவை. ஆனால் இவ்வட்டாரப் பிள்ளைகளின் இடர் கல்வெட்டுக்கு அகப்படாதது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி ஆகிய பகுதிகளில், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தை, பள்ளிக்கு வந்து தமிழ்ப் புத்தகத்தை விரிக்கின்றது. 'மாடு' என்று நாம் எழுதிக் காட்டுகின்றோம். கன்னடத்தில் மாடு என்றால் 'செய்' என்று பொருள். படத்தில் நிற்கும் விலங்கு எதைச் செய்யச் சொல்கின்றது என்று அக்குழந்தை விழிக்கின்றது! இதை நகைப்பிற்காகச் சொல்லவில்லை. முதல் வகுப்பில் என் கண்முன் நடந்தது. இத்தகைய குழந்தை மந்தபுத்தி உடையது அன்று; இரண்டு மொழியின் வாயிலில் நிற்பது. அதன் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர ஒருவர் வேண்டும். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்த ஒருவரை எங்கே தேடுவது?

அசோக் லேலண்டு நிறுவனம் 2015-இல் 'ரோடு டு ஸ்கூல்' என்னும் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து உட்பகுதிப் பள்ளிகளில் தொடங்கியபொழுது, இந்த ஒருவரையே தேடியது எனலாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கெனத் துணை ஆசிரியரை அமர்த்துவது அத்திட்டத்தின் உயிர்நாடி. எழுத்துக் கூட்டத் தெரியாத நான்காம் வகுப்பு மாணவனை நான்காம் வகுப்புப் பாடத்தோடு மல்லாடவிடாமல், அவன் நின்றுபோன படியிலிருந்து மீண்டும் ஏற்றுவது அவர்கள் வேலை. அத்துடன் உடல்நலமும் விளையாட்டும் கவனிக்கப்படுகின்றன. பின்னர் இத்திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு துணை ஆசிரியரின் ஆண்டு ஊதியத்திற்கு ஒரு பளிங்குக் கல்வெட்டும் நுழைவு வளைவும் வாங்கிவிடலாம். எது வேண்டும் என்பது கொடுப்போர் உள்ளத்தைப் பொறுத்தது.

டி.வி.எஸ். குழுமத்தார் 1996-இல் ஏற்படுத்திய ஸ்ரீனிவாசன் சேவைகள் அறக்கட்டளை, சட்டம் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே இத்துறையில் இறங்கியது. நீர்நிலை, காடு, பள்ளி, மகளிர் குழு எனச் சிற்றூரின் பல தேவைகளை ஒன்றாகக் கருதி, ஊராரையும் கூட்டிக்கொண்டு செய்வது அதன் முறை. தண்ணீர்க் குடம் சுமக்கும் சிறுமி பள்ளிக்கு வாராள். அவளுடைய பள்ளிப் படிப்பு ஏரிக் கரையில்தான் தொடங்குகின்றது. இதை அறிந்தவர்க்கு, சுற்றுச்சூழலுக்குக் கொடுப்பதும் கல்விக்குக் கொடுப்பதும் இரண்டாகத் தோன்றா.

அரசுப் பள்ளிகளுக்குப் பொதுமக்களும் பொருளுடையோரும் உதவுவது தமிழ்நாட்டில் பழைய மரபு. காமராசர் முதலமைச்சராக இருந்த நாளில், 1958 முதலாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். ஒருவர் கரும்பலகை தந்தார், ஒருவர் கிணறு வெட்டித் தந்தார், நிலம் தந்தவரும் உண்டு. அம்மரபின் இக்கால வடிவமாக, 2022 திசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கியது. நிறுவனங்களும் பழைய மாணவரும் தரும் பொருளைப் பள்ளிகளுக்குச் சேர்ப்பிப்பது அதன் நோக்கம்.

இவ்வளவும் சொன்னபின் கசப்பான ஒன்றையும் சொல்லாவிட்டால் என் பாடம் பொய்ப்பாடமாகும். தென்பெண்ணை கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாகப் பாய்ந்து, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் தேங்குகின்றது. அதன் பின்னரே, 1950-களில் கட்டப்பெற்ற கிருஷ்ணகிரி அணையையும் அதற்கும் கீழே சாத்தனூர் அணையையும் அடைகின்றது. பெருநகரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து வருதலால், மழைக்காலத்தில் மதகு திறக்கும்பொழுது கெலவரப்பள்ளியில் வெண்ணுரை மலைபோல் எழுகின்றது. பாலத்தின் மீது நுரை பறந்து வருவதைக் கண்ட என் பேரன், பனி பெய்கின்றது என்று கை கொட்டினான். அவனிடம் என்ன சொல்வது?

இந்நுரையை நூற்றுக்கு இரண்டு பங்கால் கழுவிவிட முடியாது. தன் கழிவைத் தூய்மை செய்து வெளியேற்றுவது ஆலையின் கடமை. அதைக் கொடை என்று எழுதுவோன் கணக்கைத் திருத்துகின்றான். நீரை அழுக்காக்கிய கையே மறுகையால் மரக்கன்று நீட்டுமாயின், ஊரார் முதலில் எந்தக் கையைப் பார்ப்பர்? ஆற்றைத் தூய்மை செய்ய இரண்டு மாநில அரசுகளும் நகராட்சிகளும் ஆலைகளும் கூடவேண்டும். ஒப்புரவு அக்கூட்டத்திற்கு உதவலாம். அதற்கு மாற்றாக நிற்க இயலாது.

காட்டின் நிலையும் அத்தகையது. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகக் காவிரிக் கரை வரை யானைகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. இக்காடுகளில் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைத் தமிழ்நாட்டரசு 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. கேழ்வரகு முற்றும் கார்த்திகை, மார்கழியில் யானைகள் வயலுக்கு இறங்கும். உழவன் பரண்மீது தீப்பந்தத்தோடு விழித்திருப்பான். அவன் மகள் மறுநாள் காலை அதே காட்டுப் பாதையில் பள்ளிக்கு நடக்கவேண்டும். யானையின் படம் பொறித்த நாட்காட்டியை நிறுவனங்கள் அச்சிடுகின்றன, அழகாகத்தான் இருக்கின்றது. அவளுக்கு வேண்டுவது பள்ளிக்குச் செல்ல ஒரு வண்டி.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்க் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். புதிதாக மதில் எழுப்பிய ஆலை ஒன்றின் அலுவலர்கள், ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்திருந்தனர். இவ்வாறு கேட்க வந்ததே பாராட்டத்தக்கது. நானும் மனத்திற்குள் பாராட்டினேன். இளைஞர் விளையாட்டுக் கருவிகள் வேண்டும் என்றனர். ஊர்த்தலைவர் சமுதாயக் கூடம் வேண்டும் என்றார். அலுவலர் ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அப்பொழுது பின்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த முதியவள் எழுந்தாள். அவள் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்திருந்தன, கருத்து இதுதான்: "ஐயா, எங்கள் ஏரிக்கு வரும் வாய்க்கால் உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதற்கு வழி விடுங்கள். வேறொன்றும் எனக்கு வேண்டா."

கூட்டம் சற்று நேரம் பேசாதிருந்தது. ஊர்த்தலைவர் அவளை அமரச் சொன்னார். குறிப்பு எழுதிய அலுவலரோ எழுதுகோலை மூடிவிட்டு, "அந்த இடத்தைக் காட்டுங்கள், அம்மா" என்றார். அவள் முன்னே நடந்தாள். நாங்கள் சிலர் பின்னே சென்றோம். மதிலின் உட்புறத்தில் நெருஞ்சியும் குப்பையும் மண்டிய ஒரு பள்ளம் இருந்தது, அதுதான் வாய்க்கால். மூன்று திங்கள் கழித்து மதிலின் அடியில் இரண்டு பெரிய சிமெண்டுக் குழாய்கள் பதிக்கப்பட்டன. விழா எதுவும் நடைபெறவில்லை. விழா எடுக்கும் அளவிற்குச் செலவும் ஆகவில்லை. அவ்வாண்டு ஐப்பசி மழையில் அந்த ஏரியில் இடுப்பளவு நீர் நின்றது. அடுத்த முறை நான் அவ்வழியே சென்றபொழுது, முதியவள் கரையில் இரண்டு எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தாள்.